வொர்க்ஹார்ஸ் சென்டினல் 300: மும்பைக் கடலடியில் வைக்க இந்த ஏடிசிபி எப்படி?

மும்பைக்கு வெளியே 25 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரை ஆழமுள்ள இடங்களில் மாதக்கணக்கில் நீரோட்டம் அளக்க வேண்டும், ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், டெலிடைன் ஆர்டி இன்ஸ்ட்ருமென்ட்ஸின் வொர்க்ஹார்ஸ் சென்டினல் 300 கிலோஹெர்ட்ஸ் ஏடிசிபி (ஒலி அனுப்பி ஆழவாரியாக நீரோட்டம் அளக்கும் கருவி) இன்றைக்கும் நம்பி வாங்கக்கூடியது. துறைமுகத்துக்குள்ளும் தாணே கழிமுகத்திலும் வைக்க இது வேண்டாம். அலை அளப்பதே முதல் வேலை என்றாலும் வேண்டாம். காரணங்களைக் கீழே எண்களோடு சொல்கிறோம். அந்தேரி, நவி மும்பைப் பக்கம் சர்வே கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்களும், ஆய்வுக்காகக் கருவி வாடகைக்கு எடுக்கும் மாணவர்களும் படித்துப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

கருவி சிறியதுதான். விட்டம் சுமார் 23 செ.மீ., நீளம் 40 செ.மீ., தரையில் 13 கிலோ, நீருக்குள் 4.5 கிலோ. தலையில் நான்கு வட்ட முகங்கள் (ஒலி அனுப்பிக் கேட்கும் டிரான்ஸ்டியூசர்கள்), நேர்மேலிலிருந்து 20 டிகிரி விலகி நான்கு பக்கம் பார்க்கும். ஒவ்வொன்றும் 307.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு பிங் (குறும் ஒலித்துடிப்பு) அனுப்பும். அந்த ஒலியின் அலைநீளம் நம் கடலில் 5 மி.மீ. அளவுதான். நீரில் மிதக்கும் சிற்றுயிர்களும் மண் துகள்களும் அதைத் திருப்பி அனுப்பும்போது, அவை நீரோட்டத்தோடு நகர்வதால் அதிர்வெண் மாறுகிறது. கிடைமட்டத்தில் விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் நீரில் ஒரு பீமுக்கு (ஒரு முகம் அனுப்பும் ஒலிக்கற்றைக்கு) வரும் மாற்றம் சுமார் 137 ஹெர்ட்ஸ். மூன்று லட்சத்தில் நூற்றுச் சொச்சம். அதை ஆழவாரியாகப் பிரித்து, மாதக்கணக்கில் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டு அளப்பதற்குத்தான் இந்த விலை.

மூன்று திசை வேகத்துக்கு மூன்று பீமே போதும். நான்காவது வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தக் கருவியில் எங்களுக்கு ஆகப் பிடித்ததே அந்த நான்காவதுதான். இரண்டு ஜோடிகளும் தனித்தனியாகச் செங்குத்து வேகத்தைக் கணக்கிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எரர் வெலாசிட்டியாகப் பதிவாகும். ஒரு பீமில் மட்டும் மீன் கூட்டம் புகுந்தாலும், ஒரு முகத்தின் மேல் வலைத்துண்டு வந்து படிந்தாலும் அது அங்கே தெரிந்துவிடும். மூன்று பீம் கருவியில் இந்தச் சாட்சி கிடையாது.

இப்போது எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பார்ப்போம்.

கருவி நீரை ஆழவாரியாக அடுக்கு அடுக்காகப் பிரித்து அளக்கும்; ஓர் அடுக்குக்குப் பெயர் ‘பின்’ (bin). 2 மீட்டர் பின் வைத்தால் வீச்சு சுமார் 90 மீட்டர். ஒரு பிங்கின் சிதறல் (அளவில் வரும் தற்செயல் ஏற்ற இறக்கம்) சுமார் 7 செ.மீ./விநாடி. 100 பிங்கைச் சராசரி எடுத்தால் அது 0.7-க்கு இறங்கும். 1 மீட்டர் பின் வைத்தால் சிதறல் இரட்டிப்பாகி 14 ஆகும், வீச்சும் குறையும். 30 மீட்டர் ஆழத்துக்கு 1 மீட்டர் பின் ஆசை பலருக்கு வரும். 2 மீட்டரே போதும்.

அடியில் இழப்பு பெரிது. பிங் அனுப்பிய அதிர்வு அடங்கும் வரை கருவி கேட்காமல் விடும் தூரம் 1.76 மீட்டர். அதன்மேல் பின் நீளமும் சேர, 2 மீட்டர் பின்னில் முதல் பின்னின் மையம் முகத்திலிருந்து சுமார் 4 மீட்டரில் விழுகிறது. கருவியைக் கடலடியில் நிறுத்தும் ஃபிரேமின் உயரம் 60 செ.மீ. என்றால் கடலடியிலிருந்து மூன்றரை மீட்டர் வரை ஒன்றுமே தெரியாது. சேறு கிளம்புவதை ஆராய்பவருக்கு வேண்டியது சரியாக அந்த இடம்தான். அவர்கள் ஃபிரேம் காலிலேயே தனியாக ஒரு புள்ளி கரண்ட் மீட்டர் (ஒரே இடத்து நீரோட்டத்தை மட்டும் அளப்பது) கட்டியாக வேண்டும். தாணே கழிமுகத்தில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. அங்கே இதை வைத்தால் இரண்டு மூன்று பின்தான் மிஞ்சும். 1200 அல்லது 600 கிலோஹெர்ட்ஸ் எடுங்கள்.

மேலேயும் இழப்பு உண்டு, ஆனால் அது கணக்குக்கு அடங்கும். பீமின் பக்கக் கதிர் நேர்மேலே போய் நீர்ப்பரப்பில் மோதித் திரும்புவது, சாய்வான முதன்மைக் கதிரின் எதிரொலியை மூழ்கடித்துவிடும். 20 டிகிரி கோணமுள்ள பீமுக்கு மேலே 6% ஆழம் இப்படிப் போகிறது. புது வகைக் கருவிகளின் 25 டிகிரிக்கு 9.4%. முப்பது மீட்டரில் 1.8 மீட்டருக்கும் 2.8 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் அது. இதில் சென்டினலுக்கே சாதகம். இங்கே மும்பைக்கென்றே ஒரு கவனம் தேவை. அமாவாசை, பௌர்ணமியையொட்டிய உவா நாட்களில் இங்கே ஓதத்தில் கடல்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சராசரி ஆழத்தை வைத்து எப்போதும் ஒரே பின்னுக்கு மேலுள்ள தரவை வெட்டினால், வற்றத்தின்போது கெட்ட தரவு உள்ளே வரும், ஏற்றத்தின்போது நல்ல தரவு வெளியே போகும். ஒவ்வொரு பதிவுக்கும் அப்போதைய அழுத்தத்தைப் பார்த்து வெட்டு நகர வேண்டும். பிரஷர் சென்சார் இல்லாத பழைய யூனிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் இதைச் செய்ய முடியாது.

அந்தச் சென்சாரையும் அளவுக்கு மேல் நம்பக் கூடாது. 200 மீட்டர் சென்சாரில் 0.25% பிழை என்றாலே அரை மீட்டர் ஆகிவிடுகிறது. பின் வெட்டுவதற்கு அது போதும். வரைபட மட்டத்தோடு (கடல் வரைபடம் ஆழத்தை எண்ணத் தொடங்கும் மட்டம்) ஒப்பிட்டு ஓத உயரம் சொல்லப் போதாது.

அலைக்கு ஏன் வேண்டாம் என்றால், இதில் நேர்மேலே பார்க்கும் ஐந்தாவது பீம் இல்லை. அலை ஆப்ஷன் சேர்த்தால் அழுத்தம், பீம் வேகம் இரண்டையும் வைத்து அலையைக் கணக்கிடும். ஜூன், ஜூலைப் பெருஅலைக்கு அது பரவாயில்லை. 10 விநாடி அலையின் அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி 30 மீட்டர் அடியிலும் இருக்கும். மழைக்காலம் போனபின் பிற்பகல் கடற்காற்று கிளப்பும் 5 விநாடி அலையோ அடியில் 2% கூட மிஞ்சாது. நோர்டெக் சிக்னேச்சர் 500, இதே டெலிடைனின் சென்டினல் வி ஆகிய ஐந்து பீம் கருவிகள் நீர்ப்பரப்பையே நேராகத் தொட்டு அளப்பதால் அலை வேலையில் அவைதான் முன்னால்.

பேட்டரி பற்றி. உள்ளே ஓர் அல்கலைன் பேக், 450 வாட்-மணி, புதிதாக இருக்கும்போது 42 வோல்ட். லித்தியம் பேக் நீண்ட நாள் வரும், ஆனால் விமானத்தில் அனுப்பும்போது ஆபத்தான சரக்கு விதிகளுக்குள் வந்துவிடும்; அல்கலைனில் அந்தத் தொல்லை இல்லை. பேக்கின் மேலுள்ள தேதியைப் பார்த்து வாங்குங்கள், ஓராண்டு தாண்டியதைக் கடலில் இறக்காதீர்கள். மும்பை மே மாத வெயிலில் தகரக் கூரைக் குடோனில் கிடந்த பேக் அச்சிட்ட அளவுக்கு உழைக்காது. கம்பெனியின் திட்டமிடும் மென்பொருள் காட்டும் நாட்களில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திட்டம் போடுவது எங்கள் வழக்கம்.

புரோகிராம் போடும்போது அதிகம் கெடுவது பிங் இடைவெளியில்தான். 20 நிமிடத்துக்கு 50 பிங் என்று கொடுத்துச் சமமாகப் பரப்பச் சொன்னால், 24 விநாடிக்கு ஒன்று விழும். மழைக்காலப் பெருஅலையின் காலம் 12 விநாடி என்றால் ஒவ்வொரு பிங்கும் அலையின் அதே கட்டத்தில் போய் விழ வாய்ப்பு உண்டு. அலையின் வேகம் நீரோட்டமாகப் பதிவாகிவிடும். அதற்குப் பதில் 1.2 விநாடிக்கு ஒன்றாக 100 பிங், 2 நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி 18 நிமிடம் தூங்கவிடுங்கள். அந்த 2 நிமிடத்தில் பத்து அலை கடந்து, சராசரி சுத்தமாகும். பிங் எண்ணிக்கை இரட்டிப்பதால் பேட்டரிக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

பின் எண்ணிக்கையை நீர்ப்பரப்பையும் தாண்டிப் போகும்படி வையுங்கள். 30 மீட்டருக்கு 20 பின். நீர்ப்பரப்பு எதிரொலியில் ஒரு கூர்முனையாகத் தெரியும்; பிரஷர் சென்சார் நகர்ந்திருக்கிறதா என்று அதை வைத்தே சரிபார்க்கலாம். நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. இந்த அமைப்பில் ஒரு பதிவு 600 பைட் அளவு, இரண்டு மாதத்துக்கு 3 எம்பிகூட வராது.

கடிகாரத்தை யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) வைத்து, அதைக் கருவியின் மேலும் லாக் தாளிலும் எழுதுங்கள். ஐந்தரை மணி நேரம் மாறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இங்கே ஓதத்தின் முதன்மைச் சுற்று 12.42 மணி நேரம். ஐந்தரை மணி நேரப் பிழை என்பது சுமார் 160 டிகிரி. ஏற்ற நீரோட்டம் வற்ற நீரோட்டமாகத் தலைகீழாகும், படம் மட்டும் பார்க்க அழகாகவே இருக்கும்.

ஒலிவேகத்தைக் கணக்கிட உப்புத்தன்மையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், வெப்பத்தைக் கருவியே அளந்துகொள்ளும். மழைக்காலத்தில் ஆற்று நீர் கலக்கும் இடத்தில் 35 என்று விட்டுவிட்டு, உண்மையில் 25 இருந்தால் வேகத்தில் ஒரு சதவீதத்துக்குள்தான் பிழை. பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

கரையில் செய்யும் சோதனையில் எதையும் விடாதீர்கள். டிரான்ஸ்டியூசர் முகங்களை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி முழுச் சோதனையை ஓட்டுங்கள். காற்றில் வைத்து ஓட்டினால் சில உருப்படிகள் தவறென்று வந்து வீணாகப் பயமுறுத்தும். அடுத்து பீம் தொடர்ச்சிச் சோதனை. திரையில் எண் கேட்கும் வரிசையில் அந்தந்த முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கை உரசும் சத்தத்தையே முகம் கேட்டுக்கொண்டு எண் ஏறும். ஏறாத பீம் செத்த பீம். நிரலை ஏற்றித் தொடங்கிய பிறகு காதை முகத்தருகே வைத்தால் மெல்லிய டிக் ஒலி கேட்கும். அது கேட்காமல் கருவியைப் படகில் ஏற்றக் கூடாது.

மூடி போடும் வேலை மும்பையில் ஏசி அறையில்தான். ஜூன் மாதக் காற்றை உள்ளே அடைத்து மூடினால், கடலடியின் குளிரில் போர்டின் மேல் ஈரம் பூக்கும். சிலிக்கா பைகள் ஒவ்வொரு முறையும் புதிது. ஓ-ரிங்கை விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல், பஞ்சு நூல் எதுவானாலும் வழிவிடும். நாக்தேவி தெருவில் எல்லா அளவிலும் ஓ-ரிங் கிடைக்கும், சோதனைக்கு வாங்கலாம். கடலில் இறக்கும்போது கம்பெனி கிட்டில் வரும் ரிங் மட்டுமே போடுங்கள்.

கருவிக்குள் இருக்கும் திசைகாட்டிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பேட்டரி பேக்குக்கும் தனிக் காந்தத்தன்மை உண்டு. பேக் மாற்றினால் பழைய திருத்தம் செல்லாது. புது பேக் உள்ளே, கருவி ஃபிரேமில், ரிலீஸும் (மீட்கும்போது மிதவையை விடுவிக்கும் கொக்கிக் கருவி) எடையும் பூட்டிய நிலையில் முழுச் சுற்றுச் சுழற்றித் திருத்த வேண்டும். கட்டட மொட்டை மாடியில் செய்யாதீர்கள், கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. கார் நிற்காத திறந்த மைதானம் வேண்டும். பிழை 5 டிகிரிக்கு மேல் இருந்தால் ஏற்கக் கூடாது. 2 டிகிரிக்குள் கொண்டுவருவது சாத்தியம். மும்பையில் காந்த விலக்கம் (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) ஒரு டிகிரிக்குள்தான் என்பது நமக்கு ஒரு வசதி.

இனி ஃபிரேம். கருவிக்குச் செலவழித்தவர்கள் இதில் மிச்சம் பிடிக்கிறார்கள். கருவி தொலைவதும் இதனால்தான்.

இரும்பு ஃபிரேம் திசைகாட்டியைக் கெடுக்கும். அலுமினியம் அல்லது ஃபைபர் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள். எடைக்கு ஈயக் கட்டி, நீருக்குள் மொத்தம் 150 கிலோவுக்குக் குறையாமல். ஈயமும் அலுமினியமும் நேராகத் தொட்டால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும்; இடையில் எச்டிபிஇ பிளாஸ்டிக் தகடு, போல்ட்டுக்கு நைலான் புஷ், ஃபிரேமுக்குப் பதில் தான் அரிந்துபோகும்படி ஒரு துத்தநாக ஆனோடு. 316 ஸ்டெயின்லெஸ் போல்ட் சேற்றுக்குள் புதைந்தால், ஆக்சிஜன் இல்லாத இடுக்கில் குழி விழுந்து அரிக்கும். சேக்கிள், சங்கிலி, கயிறு எல்லாம் பழைய கப்பல் உடைக்கும் தாருகானா பகுதியில் கிடைக்கும். ஆனால் ரிலீஸின் கொக்கியில் மாட்டும் வளையத்தை மட்டும் அங்கே பழையதாக வாங்காதீர்கள்.

மும்பைக் கடலடி பெரும்பாலும் இளகிய சேறு. காலுக்கு அகலத் தகடு கொடுத்து, 150 கிலோவை ஒரு சதுர மீட்டருக்குப் பரப்பினால் அழுத்தம் 1.5 கிலோபாஸ்கல்தான், சேறு தாங்கும். தகட்டில் ஓட்டைகள் போடுங்கள், இல்லையென்றால் எடுக்கும்போது சேறு உறிஞ்சிப் பிடிக்கும். கருவியை கிம்பலில் (ஃபிரேம் சாய்ந்தாலும் கருவியை நேராக நிறுத்தும் அமைப்பு) வையுங்கள். ஃபிரேம் 10 டிகிரி சாய்ந்தாலே ஒரு பீம் 30 டிகிரிக்குப் போய்விடும், மேலே இழப்பு 6-லிருந்து 13% ஆகும். 15 டிகிரிக்கு மேல் சாய்வுமானியே அளக்காது. பக்கவாட்டுச் சரிவான, பிரமிடு போன்ற உடம்பு கட்டாயம். செங்குத்துக் கால் உள்ள ஃபிரேமை மீன்பிடிப் படகின் இழுவை மடி (இழுவை வலை) கவிழ்த்துவிடும். மகாராஷ்டிரத்தில் இயந்திரப் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. இழுவைத் தொல்லை குறைந்த அந்த நாட்களில்தான் கடல் உங்களை உள்ளே விடாது. மே மாதக் கடைசியில் இறக்கி, பேட்டரியை மழைக்காலம் தாண்டும்படி கணக்கிட்டு, கடல் அடங்கியபின் எடுப்பது இங்கே நடைமுறைக்கு ஒத்த வழி. இறக்குமிடத்தைக் கோலி மீனவர் சங்கங்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் டோல் வலை (கம்பம் நட்டுக் கட்டும் பை வலை) கட்டக் கம்பம் நடும் இடத்தில் போய் உங்கள் ஃபிரேமை வைக்காதீர்கள். துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுக ஆணையத்தின் அனுமதியும் கடலோடிகளுக்கான அறிவிப்பும் முதலில்.

மேலே மிதவை வைத்தால் திருட்டுப் போகும் அல்லது கப்பல் விசிறியில் சிக்கும். ஆகவே அகூஸ்டிக் ரிலீஸ். படகிலிருந்து ஒலிச் சங்கேதம் கொடுத்தால் கொக்கி திறந்து, மிதவை கயிற்றோடு மேலே வரும். 30 மீட்டர் ஆழத்துக்கு 60 மீட்டர், 8 மி.மீ. டைனீமா கயிறு பெட்டிக்குள் சிக்கில்லாமல் மடித்திருக்க வேண்டும். கூடவே ஃபிரேமிலிருந்து 100 மீட்டர் மூழ்கும் கயிறு போட்டு மறுமுனையில் ஒரு சிறு எடை வையுங்கள். இரண்டு முனையின் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். ரிலீஸ் பேசாமல் போனால், அந்தக் கயிற்றுக்குக் குறுக்கே பாதாளக் கரண்டி இழுத்துப் பிடித்துவிடலாம். கை தெரியாத கலங்கலில் டைவரை இறக்கித் தேடுவது இங்கே ஆகாத வேலை.

எடுக்கும் நாளை நாட்காட்டியில் அஷ்டமி பார்த்து, அதற்கு அடுத்த ஓரிரு நாளில் வையுங்கள். நீரோட்டம் அப்போதுதான் மிகத் தளர்ந்திருக்கும். நேரம், நீர் திரும்பும் வேளை. ரிலீஸோடு பேசும்போது என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். தண்டேல் (படகோட்டித் தலைவர்) முணுமுணுத்தாலும் விடாதீர்கள், விசிறிச் சத்தத்தில் பதில் கேட்காது. கையில் பிடிக்கும் டிரான்ஸ்டியூசரைப் படகின் அடிமட்டத்துக்குக் கீழே 3, 4 மீட்டர் இறக்குங்கள். டெக் யூனிட்டில் (படகிலிருந்து ரிலீஸோடு பேசும் பெட்டி) ஒலிவேகம் 1500 என்று இருந்தால் 1540 ஆக்குங்கள். இல்லையேல் 400 மீட்டரில் 11 மீட்டர் தவறும். மூன்று இடத்திலிருந்து தூரம் எடுத்த பிறகே திறக்கச் சொல்லுங்கள்.

கயிறு கைக்கு வந்ததும் வின்ச்சைப் போட்டு ஒரேயடியாக இழுக்க வேண்டாம். சேற்றின் பிடி ஃபிரேம் எடையைப் போல் இரு மடங்குகூட இருக்கலாம். கயிற்றை இறுக்கி நிறுத்திச் சில நிமிடம் காத்திருங்கள். படகு அலையில் எழுந்து இறங்க, தகட்டுக்கடியில் நீர் புகுந்து தானாக விடும்.

மேலே வந்த கருவியில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடலுயிர்) அப்பியிருக்கும். இறக்கும் முன் முகங்களில் ஜிங்க் ஆக்சைடு களிம்பை, குழந்தைகளுக்குப் பூசுகிற அதேதான், காற்றுக்குமிழ் இல்லாமல் மெல்லப் பூசியிருந்தால் கையாலேயே உதிரும். பிரஷர் சென்சாரின் துளையில் அது படக் கூடாது. இரும்புச் சுரண்டி எடுத்தால் முகத்திலுள்ள யூரிதேன் கிழியும், மரக்கரண்டி போதும். மூடியைத் திறக்கும்போது உங்கள் முகத்தை நேராக நீட்டாமல் பக்கவாட்டில் நின்று, எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நீர் புகுந்திருந்தாலோ பேட்டரி வாயு விட்டிருந்தாலோ உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கும். மூடி பறந்தால் உயிர்ச்சேதம்.

இணைப்பு வசதிதான் இந்தக் கருவியின் வயதைக் காட்டுகிறது. சீரியல் கேபிள், உள்ளே பழைய பிசிஎம்சிஐஏ நினைவகக் கார்டு. இன்றைய லேப்டாப்பில் அந்த ஸ்லாட்டே கிடையாது. நல்ல யுஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கி, 115200 வேகத்தில் இறக்கினால் நீரோட்டத் தரவு ஐந்து நிமிடத்தில் முடியும். மலிவு மாற்றிகளில் கருவியை எழுப்பும் ‘பிரேக்’ சங்கேதம் ஒழுங்காகப் போகாமல் கருவி விழிக்கவே செய்யாது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் மாற்றியை மாற்றிப் பாருங்கள்.

பழைய யூனிட் விலைக்கு வந்தால் இவற்றைப் பாருங்கள். நான்கு முகத்திலும் யூரிதேனில் கொப்புளமோ வெடிப்போ இருக்கக் கூடாது. கனெக்டர் ஊசிகளில் பச்சைப் பூப்பு இருந்தால் உள்ளே கேபிளும் போயிருக்கும். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். கடைசியாக இறக்கிய ஒரு முழுத் தரவுக் கோப்பைக் கேட்டு வாங்கி, நான்கு பீமின் எதிரொலியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். ஒரு கோடு மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை தாழ்ந்து ஓடினால் அந்த பீம் பலவீனமானது, விற்பவர் களிம்பு, பாசி என்று என்ன காரணம் சொன்னாலும் சரி.